அரைக் கட்டை

...அதே அளவுதான், மூன்றாம் முறையும் அதே புள்ளி மூன்று ஐந்து மில்லிமீட்டர், தகடு கிட்டார் கம்பிக்கடியில் உரசாமல் நுழைந்து கம்பியைத் தூக்காமல் வெளியே வந்துவிட்டது, இதற்குமேல் என்ன வேண்டும், எழுந்து முகம் கழுவிக்கொண்டு சட்டையை மாட்ட வேண்டியதுதானே, ஆனாலும் இன்னொரு தடவை அளந்து பார் என்று கை துறுதுறுக்கிறது. பதினெட்டு வருடமாகத் தகரத்தை அழுத்தி அளந்து, அளந்து அழுத்தி வந்த கை, சும்மா இருக்கச் சொன்னால் இருக்குமா. தனம் இருந்திருந்தால் சிரித்திருப்பாள், பெண் பார்க்க வந்த அன்று என்னை இவ்வளவு நேரம் பார்த்தீர்களா என்று கேட்டிருப்பாள். அவள் காலையிலேயே அனகாபுத்தூருக்கு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள், அங்கே தறிக்குப் பாவு போடுகிற நாள், ஆள் பற்றாது, சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். பக்கத்து வீட்டில் டிவியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் படம் ஓடுகிறது, வங்காளமோ மலையாளமோ, யாரோ நீண்ட நேரம் நடக்கிறார்கள், செருப்புச் சத்தம் மட்டும் கேட்கிறது. மணி மூன்று. சவுரி ஐந்துக்கு வருவான். ஐந்துக்குள் இதை முடித்துவிட வேண்டும்.

கம்பெனியிலிருந்து நேற்று டிபன் பாக்ஸுக்குள் வைத்துக் கொண்டுவந்த ஃபில்லர் கேஜ் இது, சீட்டுக்கட்டை விரித்த மாதிரி இருபது தகடுகள், ஒவ்வொன்றிலும் அதன் தடிமன் பொறித்திருக்கும், நாளைக் காலையில் எடுத்த இடத்தில் வைத்துவிடுவேன், சூப்பர்வைசருக்கும் தெரியும், கண்டுகொள்ள மாட்டார். கம்பி மாற்றினால் கிட்டாரை அளக்க வேண்டுமா என்று ஒருநாள் கேட்டார். எப்படிச் சொல்வது. பேஸ் கிட்டாரின் நான்கு கம்பிகளும் சேர்ந்து நெக்கை, அதன் நீண்ட மரக் கழுத்தை, முன்பக்கம் இழுக்கின்றன சார், நெக்குக்குள்ளே ஓர் இரும்பு ராடு இருக்கிறது, அது பின்பக்கம் இழுக்கிறது, இரண்டுக்கும் நடுவில் மரம் லேசாக, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குழிந்து நிற்க வேண்டும். குழிவு குறைந்தால் கம்பி, நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டியில், அதுதான் ஃப்ரெட், மோதி உறுமும், அதிகமானால் விரல் ஒடியும். அதனால் முதல் ஃப்ரெட்டில் கம்பியை ஒரு விரலால் அழுத்து, கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்து, இப்போது கம்பியே நேர்கோடு, நடுவில் ஏழாவது ஃப்ரெட் பக்கம் எவ்வளவு இடைவெளி என்று பார், அவ்வளவுதான் சார் வித்தை. மூன்று இடம், இரண்டு கை. வழக்கமாகக் கடைசி ஃப்ரெட்டைத் தனம் பிடித்துக்கொள்வாள், சாம்பார் கொதிக்கிறது சீக்கிரம் என்று சொல்லிக்கொண்டே. இன்று சைக்கிள் ட்யூபை வெட்டி ஒரு பென்சிலோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். முதல் ஃப்ரெட்டுக்கு என் இடது கை ஆள்காட்டி விரல் இருக்கிறது, வலது கையில் தகடு.

எல்லாம் சரி, ஆனால்... அடச்சே, எந்தச் சுருதியில் வைத்து அளந்தேன். காலையில் பழைய கம்பிகளைக் கழற்றி, மலேசியாவிலிருந்து எங்கள் கீபோர்டுக்காரன் ரசாக்கின் மாமா கொண்டுவந்த புதுக் கம்பிகளைக் கட்டி, நெக் ஆறுவதற்கு நான்கு மணி நேரம் விட்டு, எல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு, பழக்க தோஷத்தில் அரைக் கட்டை இறக்கியே சுருதி கூட்டியிருக்கிறேன். இரண்டரை வருடப் பழக்கம், காது தானாக அங்கே போய் நிற்கிறது. இன்றைக்கு அதை முழுச் சுருதிக்கு ஏற்ற வேண்டும் அல்லவா, அதற்காகத்தானே புதுக் கம்பியே. கம்பியை ஏற்றினால் இழுவை கூடும், நெக் இன்னும் குழியும், மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டும். இன்பராஜ் எல்லாப் பாட்டையும் கேசட்டில் இருக்கிற சுருதியிலேயே பாடுகிறவன், காட்டாங்குளத்தூர் கல்லூரியில் லேப் அசிஸ்டென்ட், இருபத்தாறு வயது, போன வியாழக்கிழமை ரசாக் வீட்டு மாடியில் பாடிக் காட்டினான், மேலே போகும்போது கண்ணைக்கூட மூடவில்லை. பொங்கல் நிகழ்ச்சியிலிருந்து அவன்தான் எங்கள் மெல்லிசைக் குழுவுக்குப் பாடப்போகிறான். இத்தனை நாள் பாடுகிற சவுரிக்கு அது இன்னும் தெரியாது. ஐந்து மணிக்கு என்னை அழைத்துப்போக அவன் வருவான், ஆறு மணிக்கு ரசாக் வீட்டில் எல்லோரும் கூடுகிறோம், அதற்குள், வழியில், நான் அவனிடம் சொல்லிவிட வேண்டும். நானே சொல்கிறேன் என்று நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வேறு யார் சொல்வது. எழுபத்தொன்பதிலிருந்து ஒரே மேடை, ஒரே வேன், ஒரே இலையில் சாப்பிட்ட நாளும் உண்டு, மச்சான் மச்சான் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அவன் பெயர் சவுரிமுத்து என்பதே கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. குரோம்பேட்டையில் தோல் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர், சாயங்காலமானால் பாட்டுக்காரன், அந்தக் காலத்தில் அவன் மேல் ஸ்தாயியில் நின்றால் ஜெனரேட்டர் போட்டவன்கூடத் திரும்பிப் பார்ப்பான். பாவம், தொண்டை போய்விட்டது. எவனுக்கும் வருவதுதான், அவனுக்குக் கொஞ்சம் முன்னதாக வந்துவிட்டது. தொண்ணூற்று மூன்றில் டாக்டர் ஏதோ வீக்கம் என்றாராம், அன்றிலிருந்து எல்லாப் பாட்டையும் அவனுக்காக அரைக் கட்டை இறக்கி வாசிக்கிறோம், ரசாக் கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டிச் சுருதியை இறக்கிவிடுவான், கிட்டார்களைத் தளர்த்திக்கொள்வோம், புல்லாங்குழல்காரர் நீளமான குழலை எடுத்துக்கொள்வார். ஆனால் கேட்கிறவன் காது ஏமாறுமா. பல்லாவரத்தில் ஒரு வரவேற்பில் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் வந்து, என்ன சார் எல்லாப் பாட்டும் தூங்கி வழியுது என்றார். அந்த வாரம்தான் நான் ரசாக்கிடம் பேச்சை எடுத்தேன். ஆமாம், நான்தான் எடுத்தேன். குழுவின் நல்லதுக்குச் சொன்னேன், அவன் நல்லதுக்கும்தான், மேடையில் ஊர் சிரித்து இறங்குவதைவிட நண்பன் சொல்லி இறங்குவது மேல் அல்லவா. ட்ரம்ஸ்காரனும் குழல்காரரும் உடனே தலையாட்டினார்கள். ரசாக் மட்டும் கீபோர்டின் மேல் துணியைப் போட்டு மூடிக்கொண்டே, நீயேவா சொல்லப் போறே என்று கேட்டான். ஆமா என்றேன். மாடிப்படி இறங்கும்போது பின்னாலேயே வந்து மறுபடி கேட்டான், அப்பாதுரை, நீயேவா. இதில் கேட்க என்ன இருக்கிறது என்று அப்போது எரிச்சலாக இருந்தது. மூன்று நாளாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்து வைத்திருக்கிறேன், ஷேவிங் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்து, மச்சான், முடியலன்னா முடியலன்னு ஒத்துக்கறதுல ஒண்ணும் கேவலம் இல்ல, யாரும் உன்னைக் கொறைச்சு நினைக்க மாட்டாங்க... இதமாகத்தான் இருக்கிறது, அவனுக்கு வலிக்காது என்று நினைக்கிறேன்.

சரி, ஏற்று. ட்யூனிங் ஃபோர்க்கை முழங்காலில் தட்டிக் காதருகே பிடித்தால் அந்தச் சின்ன முனகல், அதற்குத் தக்கபடி ஒவ்வொரு கம்பியாக, மெதுவாக, சாவி திரும்பத் திரும்பக் கம்பி முறுக்கேறுகிற சத்தம் மரத்துக்குள் ஓடுகிறது. நான்கையும் ஏற்றி முடித்தபோது முதலாவது இறங்கியிருந்தது, எப்போதும் அப்படித்தான், ஒன்றை இழுத்தால் இன்னொன்று தளரும், மறுபடி ஒரு சுற்று. கிட்டாரை மடியிலேயே வைத்துக்கொண்டு கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்தேன், நெக் தன் இடத்துக்கு வரட்டும். நல்ல மரம் இது, ஜப்பான்காரன் செய்தது, கப்பலில் வேலை பார்த்த ஒருத்தரிடம் எண்பத்து நாலில் வாங்கியது, வாங்கிய நாளிலிருந்து என்னைத் தவிர யாரும் இதைத் திறந்ததில்லை. புதுக் கம்பியின் பளபளப்பைப் பார்த்தால் கல்யாண வீட்டுக்குப் போகிற ஆள் மாதிரி இருக்கிறது. இப்போது அளக்கலாம். பென்சில் கட்டு இறுக்கமாக இருக்கிறதா, இருக்கிறது, ஆள்காட்டி விரல் முதல் ஃப்ரெட்டில், தடித்த கம்பியின் மேல், அழுத்து, தகடு... புள்ளி நான்கு ஐந்து. கூடும் என்று எதிர்பார்த்ததுதான். ஆனாலும் இன்னொரு முறை, புள்ளி ஐந்து ஐந்து. இது என்ன. இன்னொரு முறை, புள்ளி ஐந்து. கையை உதறிவிட்டு மறுபடி, இப்போது புள்ளி ஆறும் போகிறது. ஒரே நெக், ஒரே கம்பி, ஒரே தகடு, ஒரு நிமிடத்தில் நான்கு அளவு. மரம் என்ன பஞ்சு மூட்டையா அமுங்கி அமுங்கி எழுவதற்கு.

ராடுதான் நழுவுகிறது என்று தோன்றியது, பதினோரு வருடம் ஆயிற்றே, உள்ளே மரை தேய்ந்திருக்கும். தலைப்பக்க மூடியைக் கழற்றி ஆலன் கீயைப் போட்டுப் பார்த்தேன், நட்டு கெட்டியாக இருந்தது, கால் சுற்றுக்குக்கூட மிரட்டித்தான் திருப்ப வேண்டும்போல. நட்டு நழுவவில்லை. பின்னே. கம்பியை மீட்டிப் பார், காது பொய் சொல்லாது. திறந்த கம்பி, பூமியிலிருந்து வருகிற மாதிரி கனமாக, சுத்தமாக. முதல் ஃப்ரெட்டை அழுத்தி மீட்டினேன், கர்ர் என்றது. அழுத்தமாக அழுத்தி மீட்டினேன், கர்ர். குழிவு குறைந்தால்தான் முதல் ஃப்ரெட்களில் இப்படி உறுமும், தகடோ குழிவு கூடியிருக்கிறது என்கிறது, இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும். இது கம்பெனியில் நடந்திருந்தால் என்ன செய்வேன். ஒரு பீஸை நான்கு தடவை அளந்து நான்கு அளவு வந்தால் பீஸைத் தூக்கிப் போடாதே, கருவியைப் பார், கருவி சரியென்றால் பிடித்திருக்கிற கையைப் பார், ட்ரெய்னிங்குக்கு வந்தவனுக்கெல்லாம் நான் சொல்கிற முதல் பாடம் அதுதானே. கருவி சரிதான், மத்தியானம் மூன்று தடவையும் ஒரே அளவு காட்டிய கருவி. பிடித்திருக்கிற கை...

விரலைப் பார்த்தேன். அதற்கு என்ன, நன்றாகத்தான் இருக்கிறது. நகம் பாதிதான் முளைத்தது, மேல்கணு முழுக்க மடங்காது, மழைக்காலத்தில் கொஞ்சம் மரத்துப்போகும், அவ்வளவுதான். தொண்ணூற்று மூன்று ஆனி மாதம், திருமுடிவாக்கத்தில் செகண்ட் ஷிஃப்ட், பவர் பிரஸ்ஸில் பீஸ் ஒட்டிக்கொண்டது, பெடலிலிருந்து காலை எடுக்காமல் கையை விட்டேன், யாரையும் குறை சொல்ல முடியாது, என் அவசரம். நுனி போகவில்லை, நசுங்கியது, தையல் போட்டார்கள், மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு இரண்டரை வருடமாக வாசிக்கிறேன், எத்தனை கல்யாணம், எத்தனை கோயில் திருவிழா, ஒரு சுரம் தவறியதில்லை. விரல் சரியாகிவிட்டது என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் நீட்டிக் காட்டியிருக்கிறேன், வேறொருத்தனாக இருந்தால் கிட்டாரை விற்றிருப்பான் என்று தனத்திடம் எத்தனை தடவை பெருமை அடித்திருக்கிறேன். இன்னொரு பென்சிலை எடுத்தேன், இன்னொரு ட்யூப் துண்டு. முதல் ஃப்ரெட்டிலும் விரலை எடுத்துவிட்டுப் பென்சிலைக் கட்டினேன். அளந்தேன், புள்ளி நான்கு. மறுபடி, புள்ளி நான்கு. மறுபடி, அதே புள்ளி நான்கு. ஆலன் கீயால் கொஞ்சமே கொஞ்சம் இறுக்கினால் முடிந்தது, நெக்குக்கு ஒன்றுமில்லை. பென்சிலை எடுத்துவிட்டு நடுவிரலால் அழுத்தி மீட்டினேன், மணி மாதிரி வந்தது. ஆள்காட்டி விரலால் அழுத்தி மீட்டினேன். கர்ர்.

சாவியைத் திருப்பித் தடித்த கம்பியை மட்டும் அரைக் கட்டை இறக்கினேன். ஆள்காட்டி விரல், சுத்தமாக வந்தது. ஏற்றினேன், உறுமியது. இறக்கினேன், சுத்தம். நான்கைந்து தடவை இதையே செய்துகொண்டிருந்தேன் போலிருக்கிறது, பக்கத்து வீட்டில் டிவியை நிறுத்தும் சத்தம் கேட்டபோதுதான் கை நின்றது. அந்தச் சின்ன இழுவைதான் வித்தியாசம், அவ்வளவுதான் இந்த விரலின் எல்லை, அதற்குமேல் ஒரு நூல் ஏறினாலும் இதனால் தாங்க முடியவில்லை. இரண்டரை வருடமாக இது எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று. எப்படித் தெரியும், அடிபட்ட பிறகு இந்த விரல் முழுச் சுருதியில் ஒரு தடவைகூட அழுத்தியதில்லையே. ஒரே ஒரு தடவைகூட இல்லை. நான் திரும்பி வந்த அன்றைக்கே சுருதி இறங்கிவிட்டது அல்லவா.

அன்றைக்கே. வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த மூன்று மாதத்தில் ரசாக்கும் சவுரியும் பார்க்க வந்திருந்தார்கள், ரசாக்தான் சொன்னான், கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி வெச்சுக்கோ அப்பாதுரை, விரலுக்கு நோவாது, நாங்க அதுக்கேத்த மாதிரி வாசிச்சுக்கிறோம் என்று. எனக்கு வந்த கோபம். எனக்காக எவனும் ஒரு கம்பியைத் தளர்த்தக் கூடாது, முடிந்தால் வாசிப்பேன், முடியாவிட்டால் உறையில் போட்டுப் பரணில் வைத்துவிடுவேன், பிச்சை போடாதீர்கள் என்று சொல்லிவிட்டேன், பிச்சை என்கிற வார்த்தையைச் சொன்னேன், தனம் காபி டம்ளரோடு சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். சவுரி காபியைக் குடித்துவிட்டு, ஆறிப் போச்சு என்றான். அப்புறம் பத்து நாள் கழித்து நான் முதன்முதலாக ஒத்திகைக்குப் போனபோது அவன் கழுத்தில் மஃப்ளர், புரட்டாசிப் புழுக்கத்தில் மஃப்ளர், வாயில் அதிமதுரம், குரல் கரகரவென்று, டாக்டர் கத்தக் கூடாதுன்னுட்டாரு, ரெண்டு மாசம் அரைக் கட்டை எறக்கிக்கலாமா என்று கேட்டான், எல்லோரையும் பார்த்துக் கேட்டான். நான்தான் முதலில் சொன்னேன், அதுக்கென்ன மச்சான், உனக்காக இது கூடவா செய்ய மாட்டோம் என்று. எவ்வளவு பெரிய மனசோடு சொன்னேன். அடிபட்டவன் நான், ஆனாலும் அவனுக்கு இறங்கி வருகிறேன் என்று அன்றைக்கு ராத்திரி எனக்கே என்மேல் ஒரு மரியாதை.

இல்லை, இருக்காது. ஒருத்தன் அப்படிச் செய்வானா, அதுவும் பாடுகிறவன், தன் குரல் போய்விட்டது என்று ஊரே பேசும்படி. இருக்காது, நிஜமாகவே தொண்டையில் வீக்கம் இருந்திருக்கும். ஆனால் போன வருடம் அவன் அம்மா ஞானம்மாள் இறந்தபோது மாதா கோயிலில் ஆர்மோனியக்காரர் முழுச் சுருதியில்தான் வாசித்தார், சவுரி சவப்பெட்டியின் பக்கத்தில் நின்று பாடினான், மேல் ஸ்தாயிக்குப் போய் நின்றான், நின்றுகொண்டே இருந்தான், துக்கம் குரலைத் திறந்துவிட்டது என்று நான் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். எனக்கு மஞ்சள்காமாலை வந்து படுத்திருந்தபோது வண்டலூரில் ஒரு கல்யாணம், வேறு ஒருத்தன் பேஸ் வாசித்தான், அடுத்த வாரம் ரசாக் சிரித்துக்கொண்டே சொன்னான், அன்னைக்கு நான் பட்டனையே தொடல தெரியுமா என்று, நான் ஏதோ கீபோர்டு சமாசாரம் என்று விட்டுவிட்டேன். நீயேவா சொல்லப் போறே. நீயேவா. அவனுக்குத் தெரியும், ரசாக்குக்குத் தெரியும், யாரிடமும் சொல்லக் கூடாது என்று சவுரி அவனிடம் சத்தியம் வாங்கியிருப்பான். அப்போ இந்தக் குழுவில் முடியாமல் போனவன் யார், பாட்டெல்லாம் தூங்கி வழிந்தது யாரால். அவனை இறக்கிவிட நான்தான் பேச்சை எடுத்தேன் என்பதை நினைத்தால் உட்கார்ந்திருக்கிற பாய் சுடுகிறது. இன்று ஆறு மணிக்குள் ஒருத்தனிடம் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் அங்கே எல்லோர் முன்னாலும் அவனுக்குத் தெரியவரும், அவனை வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் சுருதி ஏற வேண்டும், சுருதி ஏறினால் இந்த விரல்...

வாசலில் டிவிஎஸ் ஃபிஃப்டி நிற்கிற சத்தம் கேட்டது, மணி நாலே முக்கால்தான், அவன் எப்போதும் கால் மணி முன்னதாக வருகிறவன். நான் அவசரமாகத் தடித்த கம்பியை மறுபடி முழுச் சுருதிக்கு ஏற்றினேன், ஏன் ஏற்றினேன் என்று தெரியவில்லை, திருட்டுத்தனம் செய்து அகப்பட்டவன் பொருளை எடுத்த இடத்தில் வைப்பதுபோல. சவுரி செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தான், கழுத்தில் அதே மஃப்ளர், மார்கழி என்பதால் இப்போது அது பொருத்தமாகக்கூட இருந்தது.

"இன்னா மச்சான், புதுக் கம்பியா. எங்க, ஒரு தட்டு தட்டு பாக்கலாம்."

தட்டினேன். திறந்த கம்பி, ஒரே ஒரு தட்டல். இருபது வருடம் பாடிய காது, ஃபோர்க் எதற்கு அவனுக்கு. சிரிப்பு அப்படியே முகத்தில் நிற்க, கண் மட்டும் நகர்ந்தது. நான் அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுருதி ஏறியிருக்கிறது என்று தெரிந்தால் கம்பியைப் பார்க்க வேண்டும், அல்லது என் முகத்தைப் பார்க்க வேண்டும், ஏன் ஏற்றினாய் என்று. அவன் என் விரலைப் பார்த்தான். ஒரு நொடிகூட இருக்காது, பார்த்துவிட்டு உடனே எடுத்துக்கொண்டான், சட்டைப் பையில் கையை விட்டு அதிமதுரத் துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"ஏத்திட்டியா. வேணாண்டா, எறக்கிடு, என் தொண்டை இன்னும் சரியாவல."

"எப்போ சரியாவும்?"

"அது கெடக்குது விடு. எறக்கு."

இறக்கினேன். அவன் முன்னாலேயே உட்கார்ந்து நான்கு கம்பிகளையும் ஒவ்வொன்றாக. ஃபோர்க்கை எடுக்கவில்லை, அவனும் எடுக்கச் சொல்லவில்லை, கம்பி இறங்க இறங்கத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான், போதும் என்றபோது நிறுத்தினேன். மூடியை மாட்டினேன். ஃபில்லர் கேஜை மடக்கி டிபன் பாக்ஸுக்குள் வைத்தேன். பாயின் மேல் இரண்டு பென்சில்கள் கிடந்தன, இது எதுக்கு என்று கேட்டான், அளக்கறதுக்கு என்றேன். இப்போது சொல்லியிருக்கலாம். நீ எனக்காகத்தானே என்று கேட்டிருக்கலாம், கேட்டால் அவன் இல்லை என்பான், அப்புறம் நான் எப்படி அவன் கூட வண்டியில் உட்காருவேன். கேட்காவிட்டாலும் எப்படி உட்காருவேன். உறையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு கதவைப் பூட்டி, சாவியைத் தனத்துக்காகப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, அவன் பின்னால் ஏறி உட்கார்ந்தேன், பாத்து உக்காரு, ரோடெல்லாம் குழி என்றான்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. அவன் எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு காலை ஊன்றிக்கொண்டான். எங்களுக்கு முன்னால் ஒரு தண்ணீர் லாரி, பக்கத்தில் கீரைக்கட்டுகளோடு ஒரு சைக்கிள், லாரியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. கேட்டைத் தாண்டினால் ஐந்து நிமிடத்தில் ரசாக் வீடு, மாடியில் இன்பராஜ் வந்து உட்கார்ந்திருப்பான். சொல்ல வேண்டியது மூன்று நாளாக வாயில் தயாராக இருக்கிறது, முடியலன்னா முடியலன்னு ஒத்துக்கறதுல ஒண்ணும் கேவலம் இல்ல, அதில் ஒரு வார்த்தைகூட மாற்ற வேண்டியதில்லை, யாருக்குச் சொல்வது என்பது மட்டும்தான் மாறியிருக்கிறது. மாடியேறிய உடனே எல்லோர் முன்னாலும் விரலை நீட்டிச் சொல்லிவிட முடியுமா என்னால், பிச்சை என்று கத்தியவனால். அவன் ஹேண்டில்பாரில் தாளம் போட்டுக்கொண்டே ஏதோ முனகிக்கொண்டிருந்தான், எங்கள் பழைய பாட்டு ஒன்றின் பல்லவி, மூடிய கேட்டைப் பார்த்துக்கொண்டு, தன்னை மறந்து. மத்தியானம் முழுக்க அந்தச் சுருதியைத்தான் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன், என் காது தவறாது. முழுச் சுருதி. குரல் மெல்ல மேலே ஏறியது, இன்னும் ஏறியது, எந்தச் சிரமமும் இல்லாமல் உச்சியில் போய் நின்றது, கீரைக்காரர் திரும்பிப் பார்த்தார். சட்டென்று நிறுத்தினான். ஒரு தடவை இருமினான், தேவையே இல்லாத இருமல். பிறகு அதே வரியை அரைக் கட்டை இறக்கி ஆரம்பித்தான்.